சந்தேகம் ஒன்று, சொல் இரண்டு: ஒத்த பொருள் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

'ஐ டவுட் ஹி டுக் த மணி' என்று ஒருவர் எழுதுகிறார். 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் த மணி' என்று இன்னொருவர் எழுதுகிறார். தமிழில் இரண்டையும் சந்தேகம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் படிப்பவருக்கோ முதல் வாக்கியம் அந்த ஆளைக் காப்பாற்றுகிறது, இரண்டாவது அவர்மேல் பழியைப் போடுகிறது. 'டவுட்' என்றால் அப்படி நடந்திருக்காது என்று நினைப்பது. 'சஸ்பெக்ட்' என்றால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைப்பது. அகராதியில் இரண்டுக்கும் நேரே 'ஐயுறு' என்று போட்டிருந்தால், அதை நம்பி அலுவலகக் கடிதம் எழுதுகிறவர் நினைத்ததற்கு நேரெதிராக எழுதிவிடுவார்.

இப்படிப்பட்ட சொற்களை முறைத்து முறைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. பொருளை மனப்பாடம் செய்தாலும் தெரியாது. வாக்கியத்துக்குள் வைத்து, ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டு, எங்கே இடறுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் போனால் எந்தச் சொற்கூட்டத்தையும் நீங்களே பிரித்துவிடலாம். போட்டித் தேர்வு எழுதுபவருக்கும், மொழிபெயர்ப்பவருக்கும், வேலை நிமித்தம் நாளும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவருக்கும் இதே வழிதான்.

முதல் படி: தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குங்கள்

பலரும் ஆங்கில ஒத்தசொல் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸ்தான் அவ்வகை நூல்களில் பேர்பெற்றது. மறந்துபோன ஒரு சொல்லை நினைவுக்குக் கொண்டுவர அதைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் அது சொற்களை ஒன்றுசேர்க்கும் நூல், பிரித்துக் காட்டும் நூல் அல்ல. ஒரு சொல்லின் இடத்தில் இன்னொன்றைப் போடலாம் என்று அது எங்கும் உறுதி சொல்லவில்லை. அந்த உறுதியை நாமாகவே கற்பித்துக்கொள்கிறோம்.

நமக்குச் சிக்கல் பிறக்கும் இடம் வேறு. தமிழில் ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் பல சொற்களும் இருக்கும் இடத்தில்தான் கை தடுமாறும். எனவே அந்தத் தமிழ்ச் சொற்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பார், கேள், சொல், படி, திருடு, எதிர்பார், சந்தேகம், நிழல், வாடகை. ஒவ்வொன்றின் கீழும் உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். 'பார்' என்பதன் கீழ் 'சீ', 'லுக்', 'வாட்ச்' வரும். 'படி' என்பதன் கீழ் 'ரீட்', 'ஸ்டடி', 'லேர்ன்' வரும். ஒரு நேரத்தில் இரண்டு, மிஞ்சினால் நான்கு. அதற்குமேல் எடுத்தால் எல்லாம் கலங்கிப்போகும்.

இரண்டாம் படி: பின்னால் என்ன வருகிறது?

பொருளுக்குப் போவதற்கு முன் வாக்கிய அமைப்பைப் பாருங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

'டெல்' வந்தால் கேட்பவர் உடனே வந்தாக வேண்டும்: 'டெல் மீ', 'டோல்ட் ஹெர்'. 'சே' அப்படி ஆளைச் சேர்த்துக்கொள்ளாது. 'செட் மீ' என்பது பிழை, 'செட் டு மீ' என்பது சரி. 'ஸ்டீல்' என்றால் பின்னால் வருவது களவுபோன பொருள், 'ராப்' என்றால் பின்னால் வருவது பறிகொடுத்த ஆள் அல்லது இடம். பணத்தை 'ஸ்டீல்' செய்வார்கள், வங்கியை 'ராப்' செய்வார்கள். 'அட்வைஸ்' என்ற வினையை 'அட்வைஸ்ட் மீ டு கோ' என்று எழுதலாம். அதே அச்சில் 'சஜஸ்டட் மீ டு கோ' என்று எழுத முடியாது. நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது. 'சஜஸ்டட் தட் ஐ கோ' என்றால் சரியாகிவிடும்.

மூன்றாம் படி: ஒன்றை ஏற்று மற்றதை மறுத்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனையை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் இதைத்தான் வைக்கச் சொல்வேன். இரண்டு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் போட்டு, ஒன்றை ஆம் என்றும் மற்றதை இல்லை என்றும் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் நின்றால் பொருளே வேறு. வாக்கியம் உளறலாக ஆனால் பொருள் ஒன்று, வேறுபாடு வேறெங்கோ இருக்கிறது.

'ஐ ஹேர்ட் ஹிம், பட் ஐ வாஸ் நாட் லிசனிங்.' அவர் பேசியது காதில் விழுந்தது, நான் காது கொடுக்கவில்லை. வாக்கியம் நிற்கிறது. திருப்பியும் போடலாம்: 'ஐ லிசன்ட், பட் ஐ ஹேர்ட் நத்திங்.' காது கொடுத்தேன், ஒன்றும் விழவில்லை. இதுவும் நிற்கிறது. ஆக, 'ஹியர்' தானாக நிகழ்வது, 'லிசன்' நாம் முயன்று செய்வது. 'சீ', 'லுக்' என்ற இணைக்கும் இதே முடிவு கிடைக்கும். 'ஸ்டடி', 'லேர்ன்' இணையையும் சோதித்துப் பாருங்கள். ஆண்டு முழுக்க 'ஸ்டடி' செய்தும் ஒன்றும் 'லேர்ன்' ஆகாமல் போகலாம் என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது 'பை', 'பர்ச்சேஸ்' இரண்டையும் எடுங்கள். 'நான் அதை பை செய்தேன், ஆனால் பர்ச்சேஸ் செய்யவில்லை' என்பதற்குப் பொருளே கிடையாது. வாங்குவது வாங்குவதுதான். இந்த இணையில் வேறுபாடு பொருளில் இல்லை, சொல்கிற இடத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வாக்கியம் நின்றால் நான்காம் படிக்குப் போங்கள். நிற்காவிட்டால் ஐந்தாம் படிக்குத் தாவலாம்.

நான்காம் படி: பிரிக்கும் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

பொருள் வேறு என்று தெரிந்துவிட்டது. எந்தக் கேள்விக்கு ஒரு சொல் ஆம் என்றும் இன்னொன்று இல்லை என்றும் விடை சொல்கிறது? அதுதான் பிரிக்கும் கேள்வி.

நிழலை எடுங்கள். 'ஷேட்', 'ஷேடோ' இரண்டும் நிழலே. கேள்வி: அதற்கு உருவம் உண்டா? 'ஷேடோ' என்பது ஒரு பொருளின் வடிவம் தரையிலோ சுவரிலோ விழுவது. 'ஷேட்' என்பது வெயில் படாத இடம். புளியமரத்தடியில் ஆசுவாசமாக உட்கார்ந்தால் 'இன் த ஷேட்'. சுவரில் விழும் உங்கள் தலையின் உருவம் 'ஷேடோ'. ஒரே கேள்வியில் முடிந்தது.

எதிர்பார்ப்புக்கு ஒரு கேள்வி போதாது. 'ஹோப்', 'எக்ஸ்பெக்ட்', 'வெயிட்', 'லுக் ஃபார்வர்ட் டு' என்று நான்கு இருக்கின்றன. கேட்க வேண்டியவை இரண்டு. அது நடக்கும் என்று நம்புகிறோமா? அது நடக்க வேண்டும் என்று விரும்புகிறோமா?

'எக்ஸ்பெக்ட்' முதல் கேள்விக்கு மட்டும் ஆம் சொல்கிறது. நல்லதோ கெட்டதோ, நடக்கும் என்று கணிப்பது. அதனால்தான் வானிலை அறிக்கை கனமழையை 'எக்ஸ்பெக்ட்' செய்கிறது. அதில் ஆசை எதுவும் இல்லை. 'ஹோப்' இரண்டாவது கேள்விக்கு ஆம் சொல்கிறது. நடக்குமா என்பது கையில் இல்லை, நடந்தால் நல்லது. 'லுக் ஃபார்வர்ட் டு' இரண்டுக்கும் ஆம் சொல்கிறது. வரப்போவது உறுதி, வருவதில் மகிழ்ச்சி. 'வெயிட்' இந்த இரண்டு கேள்விகளுக்கும் வெளியே நிற்கிறது. அது மனநிலையைச் சொல்வதில்லை, காத்திருக்கும் நேரத்தைச் சொல்கிறது. பேருந்துக்கு 'வெயிட்' செய்கிறோம், அது வரும் என்ற நம்பிக்கை போனபிறகும்கூட.

இது வெறும் இலக்கணப் பயிற்சி அல்ல. வேலைக்கு விண்ணப்பம் எழுதி 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று முடித்தால், பதில் போடுவது உங்கள் கடமை என்று அதட்டுவதுபோல ஒலிக்கும். மேலிடத்திலிருந்து கீழே எழுதுகிறவர் வேண்டுமானால் அப்படி எழுதலாம். 'ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ' பணிவானது. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' வழக்கமாக எழுதப்படுவது. எழுதியவர் மனத்தில் பணிவுதான் இருந்தது, 'எதிர்பார்க்கிறேன்' என்ற தமிழ்ச் சொல்லிலும் பணிவு குறையவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த கடிதத்தில் அது இல்லை.

சில கூட்டங்களில் வேறுபாடு வகையில் இருக்காது, அளவில் இருக்கும். 'அனாய்ட்', 'ஆங்கிரி', 'ஃப்யூரியஸ்' மூன்றும் சினம்தான், ஏறுவரிசையில். இதற்கு இன்னொரு சோதனை உண்டு. 'நாட் ஜஸ்ட் ஆங்கிரி, பட் ஃப்யூரியஸ்' என்று சொல்லலாம். திருப்பிப் போட்டால் வாக்கியம் கெடும். எது உச்சம் என்பது தெரிந்துவிடும். உச்சத்தில் நிற்கும் சொற்கள் 'வெரி' என்பதை விரும்புவதில்லை என்பதையும் கவனியுங்கள். 'வெரி ஆங்கிரி' இயல்பு. 'ஃப்யூரியஸ்' என்பதற்கு முன் 'அப்சல்யூட்லி' வரும். 'டயர்ட்', 'எக்ஸாஸ்டட்' இணைக்கும் இதே விதி.

ஐந்தாம் படி: யாரோடு சேர்கிறது?

பொருள் ஒன்றாகவே இருந்தாலும் சொற்களுக்குத் தனித்தனிச் சேர்க்கை உண்டு. ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1950-களில் வலியுறுத்தியது இதைத்தான்: ஒரு சொல் எவற்றோடு கூடி வருகிறதோ அவற்றைக்கொண்டே அதை அறிய முடியும். தேநீர் 'ஸ்ட்ராங்', எஞ்சின் 'பவர்ஃபுல்'. இரண்டையும் மாற்றிப் போட்டால் புரியும், ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் காதுக்கு நெருடும். மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'.

'பிக்', 'லார்ஜ்', 'கிரேட்' மூன்றையும் பாருங்கள். பிழையும் ஏமாற்றமும் பெரும்பாலும் 'பிக்'. எண்ணிக்கை, அளவு, தொகை, விகிதம் என்றால் 'லார்ஜ்': 'லார்ஜ் நம்பர்', 'லார்ஜ் அமவுன்ட்'. கண்ணுக்குத் தெரியாத பண்புகளுக்கு 'கிரேட்': 'கிரேட் டிஃபிகல்டி', 'கிரேட் ப்ளெஷர்'. 'லார்ஜ் மிஸ்டேக்' என்று எழுதினால் இலக்கணம் தவறில்லை. ஆனாலும் யாரும் அப்படி எழுதுவதில்லை.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. சில சொற்கள் தாமே நடுநிலையாக இருந்தும், பெரும்பாலும் கெட்டவற்றோடுதான் பழகுகின்றன. 'காஸ்' என்ற வினை அப்படிப்பட்டது. அதன் பின்னால் வருபவற்றைத் திரட்டிப் பார்த்தால் சேதம், விபத்து, வலி, தொல்லை, தாமதம் என்றே அதிகம் வரும். ஜான் சிங்க்ளேர் என்ற அறிஞர் 'செட் இன்' என்ற தொடரிலும் இதையே கண்டார். அழுகலும் மனச்சோர்வும்தான் பெரும்பாலும் 'செட் இன்' ஆகின்றன. எனவே 'ஹிஸ் ஹெல்ப் காஸ்ட் மை சக்சஸ்' என்று எழுதினால், நன்றி சொல்லும் இடத்தில் குற்றச்சாட்டின் சாயல் வந்துவிடும். அங்கே 'லெட் டு' அல்லது 'பிராட் அபவுட்' பொருந்தும்.

இந்தச் சேர்க்கைகளைத் தலைக்குள் தேடாதீர்கள், உரைத்தொகுப்பில் தேடுங்கள். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற தொகுப்பில் 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியின் எழுத்தும் பேச்சுமாக ஏறத்தாழ 10 கோடிச் சொற்கள் இருக்கின்றன. அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோக்கா என்னும் தொகுப்பில் 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. இரண்டையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கணக்குத் தொடங்கவே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்கெல் என்ற எளிய கருவி இருக்கிறது. சொல்லைத் தட்டினால் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வரும், பக்கத்தில் எந்தெந்தச் சொற்களோடு அது சேர்கிறது என்ற பட்டியலும் வரும். இரண்டு ஒத்தசொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, ஒவ்வொன்றுக்கும் இருபது முப்பது வாக்கியங்களைப் பொறுமையாகப் படியுங்கள். பத்தாவது வாக்கியத்துக்குள்ளேயே ஒரு போக்கு தெரியத் தொடங்கும்.

ஆறாம் படி: யார், யாரிடம் சொல்வது?

இந்தப் படியில் தமிழருக்குப் பெரிய வலு இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களைப் பற்றிச் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றைக் கேட்டு வாங்கும் சொற்கள். 'ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே', 'தா என் கிளவி ஒப்போன் கூற்றே', 'கொடு என் கிளவி உயர்ந்தோன் கூற்றே'. பொருள் ஒன்றுதான், கேட்பவரின் நிலைதான் சொல்லைத் தீர்மானிக்கிறது. இந்தக் கண்ணோட்டம் நம் மரபில் ஆழமாக இருக்கிறது. அதே கண்ணால் ஆங்கிலத்தைப் பார்த்தால் போதும்.

ஆங்கிலத்தில் இந்த அடுக்கு உருவானதற்கு வரலாறு இருக்கிறது. 1066-ல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை வென்றபின் அரசவை, நீதிமன்றம், மேல்குடி எல்லாவற்றிலும் பிரெஞ்சு நெடுங்காலம் கோலோச்சியது. மக்கள் வாயில் பழைய ஆங்கிலம் இருந்தது. பின்னால் கல்வியின் வழியாக லத்தீன் சொற்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. அதனால் ஒரே பொருளுக்கு மூன்று மாடிகள். 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'க்வெஸ்டியன்' பிரெஞ்சு வழி, 'இன்டெராகேட்' லத்தீன். பாட்டியிடம் 'ஆஸ்க்' செய்யலாம். காவல் நிலையத்தில் வைத்து 'இன்டெராகேட்' செய்வார்கள். 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என்பதும் அப்படியே. கீழ்மாடிச் சொற்கள் பொதுவாகச் சிறியவை, நெருக்கமானவை. மேல்மாடிச் சொற்கள் நீண்டவை, விலகி நிற்பவை. எல்லாச் சொல்லுக்கும் இந்த விதி பொருந்தாது. ஆனால் 'ஹெல்ப்', 'அசிஸ்ட்' இடையிலோ, 'கெட்', 'ஒப்டெய்ன்' இடையிலோ தடுமாறும்போது நல்ல துணை.

நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் தேவைக்கு மேலான மாடியில் நின்று பேசும் பழக்கம் இருக்கிறது. நண்பருக்கு எழுதும்போதும் 'கமென்ஸ்', 'பர்ச்சேஸ்', 'கைண்ட்லி' என்று வரும். மரியாதை காட்டத்தான் அப்படி எழுதுகிறோம். ஆனால் படிப்பவருக்கு அது மரியாதையாகத் தெரியாமல், தள்ளி நிற்பதாகத் தெரியும். எளிய சொல்லே இயல்பான சொல் என்று துணிந்து எழுதுங்கள்.

ஏழாம் படி: சொல் பாராட்டுகிறதா, பழிக்கிறதா?

'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்ஜி' இரண்டும் பணத்தைப் பார்த்துச் செலவழிப்பவரைக் குறிக்கும். முதலாமவர் சிக்கனக்காரர், இரண்டாமவர் கஞ்சன். 'ஸ்லிம்' என்றால் மகிழ்வார்கள், 'ஸ்கின்னி' என்றால் முகம் சுருங்கும். 'சைல்ட்லைக்' குழந்தையுள்ளம், 'சைல்டிஷ்' சிறுபிள்ளைத்தனம். 'நொட்டோரியஸ்' என்பது 'ஃபேமஸ்' என்பதன் பெரிய வடிவம் அல்ல, கெட்ட பெயரால் அறியப்பட்டவர் என்று பொருள். விருந்தினரை மேடையில் அறிமுகப்படுத்தும்போது இந்தச் சொல் வாயில் வரவே கூடாது.

தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் 1948-ல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இதை வினைமுற்று வாய்பாடுபோல அடுக்கிக் காட்டினார். நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் வறட்டு வீம்பு பிடித்த முட்டாள். குணம் மூவருக்கும் ஒன்றே. இதையே சோதனையாக்கிக்கொள்ளலாம். ஒரு சொல்லை என்னைப் பற்றி நானே சொல்வேனா? எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே சொல்வேனா? அவர் இல்லாதபோது மட்டும்தான் சொல்வேனா? மூன்றாவது என்றால் அது பழிக்கும் சொல்.

எட்டாம் படி: சரியான அகராதியில் சரிபாருங்கள்

ஆங்கிலம்-தமிழ் அகராதி இணையான சொல்லைத் தரும், வேறுபாட்டைத் தருவது அதன் வேலை அல்ல. பிறமொழியாளர் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதிகளுக்குப் போங்கள். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியரும் அவருடன் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தில் தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளியான நூல்தான் பின்னர் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியாக வளர்ந்தது. 1978-ல் வந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதியது. 1987-ல் வந்த கோபில்ட் முழு வாக்கியங்களாகவே விளக்கம் தந்தது. அந்த விளக்கத்திலேயே சொல் எப்படிப் புழங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். நான் முதலில் கைவைப்பது கோபில்டில்தான். இவற்றுள் பல இப்போது இணையத்தில் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டிலும் லாங்மனிலும் ஒத்தசொற்களை ஒப்பிடும் பெட்டிகள் தனியாக இருக்கும், அவற்றைத் தவறவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: இரட்டை வாக்கியமாக எழுதி வையுங்கள்

குறிப்பேட்டில் விளக்கம் எழுத வேண்டாம். ஒரே சூழலில் இரண்டு சொற்களும் வரும்படி இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள், நம் வாழ்க்கையிலிருந்து. 'ஐ டவுட் த பஸ் வில் கம்' என்று ஒன்று, 'ஐ சஸ்பெக்ட் த பஸ் வில் பி லேட்' என்று ஒன்று. விளக்கம் மறந்துவிடும், வாக்கியம் மறக்காது.

கடைசியாக, ஊர் மாறினால் பொருளும் மாறும்

வகுப்பில் கைதூக்கி 'சார், ஐ ஹேவ் எ டவுட்' என்று கேட்பது இந்திய ஆங்கிலத்தில் முழுக்க இயல்பானது. பாடத்தில் ஒரு கேள்வி என்று பொருள். லண்டனிலோ நியூயார்க்கிலோ இதைச் சொன்னால், நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஆசிரியர் புரிந்துகொள்ளக்கூடும். அங்கே 'ஐ ஹேவ் எ க்வெஸ்டியன்'. அதுபோல ஒருவர் இறந்ததை 'எக்ஸ்பயர்ட்' என்று நம் ஊரில் மரியாதையாகச் சொல்கிறோம். அங்கே மக்கள் 'டைட்' என்றோ 'பாஸ்ட் அவே' என்றோதான் சொல்வார்கள். காலாவதியாவது மருந்தும் ஓட்டுநர் உரிமமும்.

வாடகைக்கு வருவோம். பிரிட்டனில் வீட்டை 'ரென்ட்' செய்வார்கள், திருமண மண்டபத்தையும் மிதிவண்டியையும் சில மணிக்கோ சில நாளுக்கோ 'ஹயர்' செய்வார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் எல்லாமே 'ரென்ட்', 'ஹயர்' என்பது ஆளை வேலைக்கு எடுப்பது. 'லீஸ்' என்பது இரண்டு நாடுகளிலும் குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம், மாதாமாதம் வாடகையும் உண்டு. சென்னையில் 'ஹவுஸ் ஃபார் லீஸ்' என்று பலகை தொங்கினால் பெரும்பாலும் வேறு பொருள்: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியேறுவது, மாத வாடகை கிடையாது, காலிசெய்யும்போது அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். போக்கியம் என்று நாம் அறிந்த ஏற்பாடு. வெளிநாட்டிலிருந்து வந்து வீடு தேடும் ஒருவருக்கு நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவதானால், 'லீஸ்' என்ற சொல்லோடு நிறுத்தாமல் இந்த ஏற்பாட்டை முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள்.